கோட்டைச் சாவி யார் கையில்?

வெடிமருந்து இல்லாத கோட்டை ஒன்றின் கதையோடு தொடங்குகிறோம். மருந்தோடு புழங்கும் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டத்து நேயர்களுக்கு அது சிறிது நகைப்பை விளைவிக்கலாம்.

1898ஆம் வருஷம் ஜூன் மாதம் 20ஆம் தேதி, பசிபிக் மகா சமுத்திரத்திலுள்ள குவாம் என்னும் சிறு தீவின் துறைமுகத்திற்குள் ஓர் அமெரிக்க யுத்தக் கப்பல் நுழைந்தது. ‘சார்ல்ஸ்டன்’ என்பது அதன் பெயர்; காப்டன் கிளாஸ் என்பவர் அதன் தலைவர். அத்தீவு இருநூறு வருஷங்களுக்கு மேலாக ஸ்பெயின் தேசத்தாருக்கு அடங்கியிருந்தது. கப்பல் கோட்டையை நோக்கிச் சில குண்டுகளைச் சுட்டது. கோட்டையிலிருந்து பதில் இல்லை. சிறிது நேரத்தில் ஸ்பானிய உத்தியோகஸ்தர் சிலர் படகேறிக் கப்பலுக்கு வந்தனர். வந்தவர்கள், தங்களுக்கு மரியாதை வேட்டுப் போட்டதற்காக வந்தனம் கூறி, பதில் வேட்டுப் போடக் கோட்டையில் மருந்து இல்லாமற் போயிற்றே என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டனர்! தங்கள் தேசத்திற்கும் அமெரிக்காவிற்கும் யுத்தம் மூண்டு இரண்டு மாதமாகிறது என்னும் செய்தியே அவர்களுக்கு எட்டியிருக்கவில்லை. காப்டன் எடுத்துச் சொன்ன பிறகுதான் தாங்கள் கைதிகள் என்பதை அறிந்தனர். மறுநாள் கவர்னர் ஹுவான் மரீனாவும் அவருடைய சிப்பாய்களும் பிடிபட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டனர்.

கப்பல் மணிலாவை நோக்கிப் போய்விட்டது. தீவை ஆள அமெரிக்கர் அதிகாரி ஒருவரையும் நியமித்துச் செல்லவில்லை. உடனே என்ன நடந்தது தெரியுமா? ஸ்பானியக் கஜானா அதிகாரியாயிருந்த ஹோஸே ஸிஸ்தோ என்பவர், மேலதிகாரிகள் போய்விட்டபடியால் தாமே தலைவர் என்று சொல்லி, காலியாயிருந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டார். ராஜ்யம் போயிற்று, கொடி போயிற்று, கணக்கும் கஜானாவும் வைத்திருந்தவர் மட்டும் போகவில்லை. இந்தக் கஜானா அதிகாரியை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். வேறு ரூபத்தில் அவரை நம் நாட்டிலும் சந்திக்கப்போகிறோம்.

ஒரு காலத்தில் அமெரிக்கக் கண்டத்தில் பெரும்பகுதியை ஆண்ட ஸ்பானிய ஏகாதிபத்தியம், 1898ஆம் வருஷத் தொடக்கத்தில் கியூபா, போர்த்தோ ரிக்கோ, பிலிப்பைன் தீவுகள், பசிபிக் சமுத்திரத்தின் சில சிறு தீவுகள், ஆப்பிரிக்கக் கரையில் சில துண்டு நிலங்கள் என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவ்வருஷம் முடிவதற்குள் இவற்றில் முக்கியமானவை யாவும் அதன் கையை விட்டு நீங்கின. ஓர் ஏகாதிபத்தியம் ஏன் விழுந்தது என்று ஆராய்வதற்குப் பெரிய புஸ்தகங்கள் பல உண்டு. நாம் இங்கே கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. கடைசி அதிகாரிகள் கோட்டைச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்? ஒரு ஜாதியாரின் விடுதலை அன்று உண்டாயிற்றா அல்லது எஜமானன் மட்டும் மாறினானா என்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது என்று நாம் கருதுகிறோம்.

மணிலா நமக்கு முற்றும் அந்நியமான ஊர் அன்று. 1762ஆம் வருஷத்தில் இங்கிலீஷ்காரர் மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்டது சென்னைப் பட்டினத்திலிருந்துதான். அந்தப் படையோடு கும்பினியின் சென்னைச் சிப்பாய்களும் சென்றனர். அக்டோபர் 6ஆம் தேதி நகரம் வீழ்ந்தது. அதை ஆளும்படி அமர்த்தப்பட்ட டாஸன் டிரேக் என்பவர் சென்னைக் கவுன்ஸிலைச் சேர்ந்தவர். 1764இல் சமாதானப்படி நகரத்தை ஸ்பானியரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கிலீஷ்காரர் வெளியேறியபோது, சிப்பாய்களில் சிலர் திரும்பி வரவில்லை. மணிலாவை அடுத்த கைந்தா என்னும் ஊரில் அவர்கள் குடியேறினார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கு உண்டு. ஆக, ஒரு துரைத்தனத்தார் மற்றொரு துரைத்தனத்தாரிடமிருந்து சாவியை வாங்கி, மறுபடி அவரிடமே கொடுத்த வேடிக்கையைப் பிலிப்பைன் ஜனங்கள் 1898க்கு முன்பே ஒருமுறை கண்டிருக்கிறார்கள். அப்பொழுதும் அவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி 1898க்கு வருவோம். பிலிப்பைன் தேசபக்தரும் வைத்தியரும் நாவலாசிரியருமான ஹோஸே ரிஸாலை ஸ்பானியத் துரைத்தனத்தார் 1896 டிசம்பர் 30ஆம் தேதி மணிலா மைதானத்தில் சுட்டுக் கொன்றனர். அதற்கு முன்பே நாட்டில் புரட்சி மூண்டிருந்தது. 1898 மே 1ஆம் தேதி அமெரிக்கக் கடற்படைத் தலைவர் டியூயி, மணிலாக் குடாவில் ஸ்பானியக் கப்பல்களை நாசம் செய்தார். அதே மாதத்தில் புரட்சித் தலைவர் அகினால்டோ ஹாங்காங்கிலிருந்து திரும்பினார். ஜூன் 12ஆம் தேதி காவிட் என்னும் ஊரில் சுதந்திரப் பிரகடனம் செய்தார். பிலிப்பைன் சேனை மணிலாவைச் சூழ்ந்து முற்றுகையிட்டது. நகரத்திற்குத் தண்ணீரை நிறுத்தியது. கோட்டைக்குள் ஸ்பானியரும், கடலில் அமெரிக்கரும், தரையில் சொந்த நாட்டாரும் இருந்தனர்.

ஸ்பானியக் கவர்னர் ஜெனரல் அகுஸ்தீன் நிலைமையை அறிந்து சரணடையப் பேச்சுத் தொடங்கினார். மாட்ரிட் சர்க்கார் அவரை நீக்கி, ஹாவுதெனெஸ் என்பவரை அவ்விடத்தில் நியமித்தது. இந்த ஹாவுதெனெஸுக்கு இரண்டு கவலைகள் இருந்தன. சண்டையின்றிச் சரணடைந்தால் ஊருக்குத் திரும்பியதும் ராணுவக் கோர்ட்டில் நிறுத்துவார்கள் என்பது ஒன்று. பிலிப்பைன்காரர் கையில் நகரத்தை ஒப்படைக்க நேருமோ என்பது மற்றொன்று. முந்நூறு வருஷமாக நாம் மிதித்த ஜாதியிடம் வாளைக் கழற்றிக் கொடுப்பதா! ஆகவே பெல்ஜிய கான்ஸல் அந்த்ரே என்பவரைத் தூது வைத்து, அமெரிக்கரோடு ஓர் இரகசிய ஏற்பாடு செய்துகொண்டார். அதன் சாரம் இதுதான். அமெரிக்கக் கப்பல்கள் ஒரு பழைய கோட்டையின் மேல் சிறிது நேரம் சுட வேண்டும். ஸ்பானியர் சற்று எதிர்ப்பதாகக் காட்டிவிட்டு வெள்ளைக் கொடி ஏற்ற வேண்டும். பிலிப்பைன் சேனை நகரத்திற்குள் கால் வைக்கலாகாது.

ஆகஸ்டு 13ஆம் தேதி இந்த நாடகம் நடந்தேறியது. சிவகாசியார் நன்கறிந்த பாஷையில் சொன்னால், இது யுத்தமன்று, வாணவேடிக்கை. சப்தம் உண்டு, புகை உண்டு, பார்ப்பவருக்கு வியப்பும் உண்டு. ஆயினும் எந்த வேடிக்கையிலும் கை தவறுதல் உண்டு அல்லவா? ஏற்பாட்டை அறியாத சிப்பாய்கள் இரு தரப்பிலும் இருந்தனர். அவர்களிற் சிலர் மெய்யாகவே மாண்டு போயினர். மாலைக்குள் மணிலாவில் அமெரிக்கக் கொடி பறந்தது. மாதக்கணக்காக அகழி வெட்டி, பட்டினி கிடந்து, நகரத்தைச் சூழ்ந்து நின்ற பிலிப்பைன் வீரர்கள் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

இதைவிட விபரீதமானது ஒன்று உண்டு. அதற்கு முந்தின நாளே, அதாவது ஆகஸ்டு 12ஆம் தேதி, வாஷிங்டனில் இரு தேசத்தாரும் சண்டை நிறுத்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டனர். மணிலாவிற்குச் செல்லும் கடல் தந்தியை டியூயி முன்பே அறுத்துவிட்டபடியால் சேதி வந்து சேர நாட்கள் சில ஆயின. முடிந்துபோன யுத்தத்தில், பாவனைச் சண்டை செய்து, ஒரு நகரத்தை மூன்றாமவன் தலைக்கு மேலாகக் கைமாற்றினார்கள்.

கியூபாவில் நடந்ததும் இதற்கு இளைத்ததன்று. அங்கே ஜூலை 17ஆம் தேதி ஸாந்தியாகோ நகரம் அமெரிக்கச் சேனாபதி ஷாஃப்டரிடம் சரணடைந்தது. கியூபா விடுதலைச் சேனையின் தலைவர்களில் ஒருவரான கலிக்ஸ்தோ கார்ஸியா, முப்பது வருஷப் போராட்டத்தில் நரை கண்டவர். சரண் நடந்த சேதியே அவருக்கு முறையாகத் தெரிவிக்கப்படவில்லை. அவருடைய சேனையை நகரத்திற்குள் விடவும் ஷாஃப்டர் மறுத்தார். கார்ஸியா அமெரிக்கத் தளபதிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுத் தம் பதவியை ராஜினாமா செய்தார். அக்கடிதத்தில் அவர் முக்கியமாக முறையிட்டது என்ன? நகரத்திற்குள் தம்மை விடவில்லை என்ற குறை இருந்தது உண்மை. ஆனால் அவர் நெஞ்சைச் சுட்டது வேறு. ஸ்பானிய அரசியால் நியமிக்கப்பட்ட அதே அதிகாரிகள் ஸாந்தியாகோவில் அதே நாற்காலிகளில் தொடர்ந்து அமர்ந்திருக்கிறார்களே, கியூபா ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவருமில்லையே என்பதுதான் அது. இதை எழுதும்போது நம் மேஜை மேல் திறந்து கிடக்கும் புஸ்தகத்தில் அந்த இடத்தை நாம் இருமுறை படித்தோம்.

கார்ஸியா அவ்வருஷம் டிசம்பர் 11ஆம் தேதி வாஷிங்டனில் காலமானார். அதற்கு முந்தின நாள்தான் பாரிஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1899 ஜனவரி 1ஆம் தேதி மத்தியானம், கடைசி ஸ்பானிய அதிகாரியான ஹிமெனெஸ் காஸ்தெல்யானோஸ் ஹவானா அரண்மனையில் அமெரிக்கச் சேனாபதி புரூக்கிடம் தீவை ஒப்படைத்தார். கியூபா சேனைக்கு அன்றும் நகர் உள்ளே இடமில்லை. போகிற போக்கில் ஸ்பானியர், கொலம்பஸுடையவை என்று ஹவானா தேவாலயத்தில் போற்றப்பட்டு வந்த எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கப்பலேற்றி ஸெவில் நகரத்திற்குக் கொண்டுபோயினர். நானூறு வருஷத்துச் சொத்தில் அவர்கள் கொண்டுபோக முடிந்தது அது. போர்த்தோ ரிக்கோவும் அமெரிக்கருக்கே போயிற்று. பசிபிக் தீவுகளில் எஞ்சியவற்றை மறு வருஷம் ஜெர்மனிக்கு விலைக்கு விற்றுவிட்டனர்.

பாரிஸ் உடன்படிக்கைப்படி பிலிப்பைன் தீவுகளுக்காக அமெரிக்கா ஸ்பெயினுக்குக் கொடுத்த தொகை 2 கோடி டாலர். தேசத்தை விற்றவர் ஒருவர், வாங்கினவர் ஒருவர். அத்தேசத்தின் பிரதிநிதியாகச் சென்ற ஃபெலிபே அகோன்ஸில்லோ, நம்மைப் போல் ஒரு வக்கீல், அமெரிக்காவிலும் பாரிஸிலும் கதவு கதவாகத் தட்டினார். அவரைப் பேச்சு மண்டபத்திற்குள் அனுமதிக்கவில்லை. 1899 பிப்ரவரி 4ஆம் தேதி பிலிப்பைன்காருக்கும் அமெரிக்கருக்கும் யுத்தம் மூண்டது. அந்த நாட்டார் தங்கள் வீட்டுச் சாவியைத் தங்கள் கையில் வாங்க 1946 ஜூலை 4ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் பாலேர் மாதா கோயில் விஷயத்தைச் சொல்லாமல் விடலாகாது. பத்திரிகை நடத்துகிறவன் என்ற முறையில் நமக்கு அதில் ஒரு தனிப் பற்றும் உண்டு. மணிலா இருக்கும் அதே லூஸோன் தீவின் கீழ்க்கரையில் பாலேர் என்று ஓர் ஊர். அங்கிருந்த சுமார் ஐம்பது ஸ்பானியச் சிப்பாய்கள் புரட்சிக்காரருக்கு அஞ்சி மாதா கோயிலுக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டனர். 1898 ஜூலை 1ஆம் தேதி முற்றுகை தொடங்கியது. தலைமை அதிகாரியும், அவருக்கு அடுத்தவரும் நோயில் இறந்தனர். மார்ட்டின் ஸெரெஸோ என்ற லெப்டினெண்டு தலைமை ஏற்றார். மணிலா வீழ்ந்தது, உடன்படிக்கை ஆயிற்று, தீவுகள் கைமாறின. வெளியே வா என்று தூது மேல் தூது வந்தது. ஸ்பானிய அதிகாரிகளே நேரில் வந்து அழைத்தனர். அவர் நம்பவில்லை. உள்ளே எறியப்பட்ட பத்திரிகைகளையெல்லாம் பகைவர் அச்சடித்த பொய்ப் பத்திரிகைகள் என்று தள்ளினார். மே மாத இறுதியில் வந்த தூதரும் ஒரு கட்டுப் பத்திரிகைகளை விட்டுச் சென்றார். அவற்றையும் பொய்யென்றே தீர்மானித்துப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ‘இம்பார்ஸியால்’ என்னும் மாட்ரிட் பத்திரிகையில் ஒரு மூலையில் சில வரிகள் கண்ணிற்பட்டன. தம் நண்பரான ஓர் அதிகாரிக்கு மலாகா நகருக்கு மாற்றல் ஆகியிருக்கிறது என்ற அற்பச் செய்தி. அவ்வூருக்குப் போக வேண்டுமென்று அந்த நண்பர் தம்மிடம் அந்தரங்கமாகச் சொல்லியிருந்தார். அது எந்தப் பகைவனுக்கும் தெரிந்திருக்க முடியாது. ஆகவே பத்திரிகை மெய். பத்திரிகை மெய்யானால் சாம்ராஜ்யம் போனதும் மெய். 1899 ஜூன் 2ஆம் தேதி, 337 நாட்களுக்குப் பின், கதவு திறந்தது.

அகினால்டோ ஜூன் 30ஆம் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தார். இவர்களைக் கைதிகளாக நடத்தலாகாது, நண்பர்களாக நடத்தி ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது அது. அந்தத் தேதியைப் பிலிப்பைன் நாட்டார் 2003ஆம் வருஷம் முதல் ஸ்பெயினோடு நட்புத் தினமாகக் கொண்டாடி வருகின்றனர்.

நம் வாசகசாலையில் ஒரு நண்பர் இந்த லெப்டினெண்டை வீரன் என்று புகழ்ந்தார். வீரம் இல்லையென்று நாமும் சொல்லவில்லை. ஆனால் சரணடைவதற்கு முந்தின நாள், தப்பியோட முயன்றதாகப் பிடித்து வைத்திருந்த தம் சிப்பாய்கள் இருவரை அவர் சுட்டுக் கொன்றார் என்பதை நண்பருக்கு எடுத்துக் காட்டினோம். ஆறு மாதத்திற்கு முன்பே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்த மண்ணுக்காக இரண்டு ஏழைப் பிள்ளைகள் ஜூன் 1ஆம் தேதி உயிரிழந்தார்கள். அதிகாரி ஒருவரின் விசுவாசத்திற்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவராகவே இருக்கிறார். (அதே வாரத்தில், ஜூன் 6ஆம் தேதி, நம் சிவகாசி எரிந்தது. அத்துயரத்தை இங்கே விரிக்க மனம் இடங்கொடுக்கவில்லை. வேண்டிய வேளையில் ஊரைக் காக்காத துரைகள், பிறகு கூடுதல் போலீஸை வைத்து அச்செலவை ஜனங்கள் தலையில் வைத்தார்கள் என்று மாத்திரம் குறிப்பிடுகிறோம்.)

இதற்கு நேர் எதிரான அதிகாரி ஒருவர் நம் அருகிலேயே இருந்தார். 1961 டிசம்பரில் கோவாவின் கடைசிப் போர்த்துகீசிய கவர்னர் ஜெனரல் வஸ்ஸாலோ எ ஸில்வாவுக்கு லிஸ்பனிலிருந்து ஸாலஸார் அனுப்பிய உத்தரவு, கடைசி மனிதன் வரை போராடி மடிய வேண்டும் என்பது. அவர் டிசம்பர் 19ஆம் தேதி சரணடைந்தார். ஊருக்குப் போனபின் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார். ஸாலஸார் வழிவந்த ஆட்சி 1974இல் விழுந்த பிறகே அவருக்குப் பழைய அந்தஸ்து கிடைத்தது. கோவாவின் தேவாலயங்களும் ஜனங்களும் அழியாமல் நின்றதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் சற்று நாகரிகமாகவே நடந்துகொண்டனர். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் ஜனப்பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றனர். நவம்பர் 1ஆம் தேதி கேவல் சிங் பொறுப்பேற்றார். ஜனங்களை நேரே கேட்காமல் பிரதிநிதிகளைக் கேட்டது குறைதான். மணிலாவில் அதுவும் இல்லை.

நம் சொந்த விஷயத்திற்கு வருவோம். 1947 ஆகஸ்டு 15ஆம் தேதி சாவி நம் கையிலேயே கொடுக்கப்பட்டது. இதில் ஐயமில்லை, அந்தப் பாக்கியம் கியூபாவுக்கும் பிலிப்பைனுக்கும் கிட்டவில்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ் முதலாக வந்த கவர்னர் ஜெனரல் பதவியில் கடைசியாக அமர்ந்தவர், பலமுறை சிறை சென்ற ஸேலத்து வக்கீல் ராஜாஜி. 1950 ஜனவரி 26ஆம் தேதி அப்பதவியே மறைந்தது. நம் ராஜதானியின் கடைசி வெள்ளைக் கவர்னர் ஸர் ஆர்ச்சிபால்டு நை, 1948 செப்டம்பர் வரை இருந்துவிட்டுச் சமாதானமாகப் போனார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதம மந்திரியாயிருந்த காலம் அது.

ஆனால் கார்ஸியாவின் முறையீட்டை மறக்கலாகாது. சாவி கைமாறியது; நாற்காலிகளில் இருந்தவர்கள்? முந்தின வருஷம் வரை சத்தியாக்கிரகிகளைச் சிறைக்கு அனுப்பிய ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர்கள் ஆகஸ்டு 15ஆம் தேதி காலையில் மூவர்ணக் கொடியை ஏற்றினார்கள். அவர்களுடைய சம்பளத்தையும் உரிமைகளையும் 1947ஆம் வருஷத்து இந்திய சுதந்திரச் சட்டமே காத்தது. பிறகு நம் அரசியல் சட்டத்தின் 314ஆம் விதி காத்தது. அவ்விதி 1972இல் 28ஆவது திருத்தத்தால்தான் நீங்கிற்று. ஸர்தார் படேல் அரசியல் நிர்ணய சபையில் அவர்களுக்காக வாதாடினார். பிரிவினையால் ரத்தம் ஓடிய வேளை. அகதிகள் லக்ஷக்கணக்கில் வந்த வேளை. ஆட்சி யந்திரம் நின்றுபோகாமல் ஓட வேண்டும் என்ற அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆபத்துக் காலத்தில் செய்த ஏற்பாடு, ஆபத்து நீங்கிய பின்னும் ஏன் தொடர வேண்டும் என்று கேட்பதற்கும் நமக்கு உரிமை உண்டு.

ஆட்கள் காலத்தில் ஓய்வு பெற்றார்கள். சட்டங்களுக்கு ஓய்வு வயது இல்லை. பழைய சட்டங்கள் மாற்றப்படும் வரை நடப்பில் இருக்கும் என்று அரசியல் சட்டத்தின் 372ஆம் விதி சொல்லிற்று. வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலை 7ஆம் தேதி பின்ஹே என்ற நீதிபதி ஆயுள் தண்டனை விதித்தது 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் ராஜத்துரோகப் பிரிவின்படி. அந்தச் சட்டம் 2024 ஜூன் 30 வரை, வெள்ளையர் போய் எழுபத்தேழு வருஷம் ஆகும் மட்டும், நம் கோர்ட்டுகளில் இருந்தது.

நம் வட்டாரத்திற்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. முஸாபர்பூரில் வெடிகுண்டு வீசப்பட்ட பின், 1908 ஜூன் 8ஆம் தேதி, வெள்ளைத் துரைத்தனத்தார் ஒரே நாளில் இரண்டு சட்டங்களைச் செய்தனர். ஒன்று வெடிபொருள்கள் பற்றியது. மற்றொன்று பத்திரிகைகளைப் பற்றியது. குற்றத்தைத் தூண்டும் என்று கருதினால் அச்சு யந்திரத்தையே பறிமுதல் செய்ய இடங்கொடுத்தது. வெடிமருந்தையும் அச்சு மையையும் ஒரே பூட்டில் பூட்டினார்கள் என்க. பிற்காலத்தில் பட்டாசும் அச்சுத் தொழிலும் ஒருங்கே செழித்த சிவகாசியில் நின்று இதை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது. பத்திரிகைச் சட்டம் 1922இல் ஒழிந்தது. வெடிபொருள் சட்டமும், அதற்கு முந்திய 1884ஆம் வருஷத்து வெடிமருந்துச் சட்டமும் சுதந்திர இந்தியாவிலும் நின்றன.

வெடிமருந்துக்குச் சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் திரித்துக் கூற வேண்டாம். மருந்து, வெள்ளையன் கையென்றும் நம் கையென்றும் பார்த்து வெடிப்பதில்லை. இவ்வட்டாரத்தில் விபத்தில் மாண்டவர்களின் வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்கச் சென்று வந்தவர்கள், விதிகளைத் தளர்த்து என்று வாய் திறக்கமாட்டார்கள். உயிரைக் காக்கும் விதி எவன் எழுதினதானாலும் இருக்கட்டும். நாம் பேசுவது, விதியைக் கையில் வைத்திருப்பவரின் தோரணையைப் பற்றி. ஜனங்களிடம் காரணம் சொல்லக் கடமைப்படாத ஓர் ஆட்சியில் பழகிய தோரணை அது. ‘நாக்பூர் லைஸென்ஸ்’, ‘சென்னை லைஸென்ஸ்’ என்று மருந்தின் அளவுக்கேற்பப் பல படிகள் இருப்பதை இங்கே சிறு பிள்ளையும் அறியும். ஒவ்வொரு படியிலும் ஒரு நாற்காலி. அதில் பல வேளைகளில் குவாம் தீவின் கஜானா அதிகாரியே அமர்ந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

பதவியை வேறு விதமாக நினைத்த மனிதரும் இந்த மண்ணில்தான் பிறந்தார். காமராஜர் யுத்தநிதி எதிர்ப்பில் சிறைப்பட்டு வேலூரில் இருந்தபோது விருதுநகர் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941 நவம்பரில் விடுதலையான பின், தேசத் தொண்டிற்கு இடையில் அதை முழுமையாகச் செய்ய இயலாது என்று அப்பதவியை ராஜினாமா செய்தார். செய்ய முடியாத வேலையின் நாற்காலியில் ஒரு நாளும் உட்காரலாகாது என்பது அவர் கொள்கை. 1954இல் இந்த ராஜ்யத்தின் முதன்மந்திரியாக வந்தபோதும் அவர் அதிலிருந்து பிறழவில்லை. 1910இல் வெள்ளையர் உண்டாக்கிய ராமநாதபுரம் ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி நெடுங்காலம் மதுரையில் இருந்தது. ஒரு மனுக் கொடுக்க நம்மவர் ரயிலேற வேண்டியிருந்தது. 1985 மார்ச்சு 15ஆம் தேதி அவர் ஊரே ஒரு ஜில்லாவின் தலைநகரமாயிற்று. கச்சேரி பக்கத்தில் வந்தது.

தோரணை பக்கத்தில் வந்ததா என்பதற்கு நாம் கண்டதைச் சொல்லுகிறோம். சாத்தூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து, சிறு பட்டாசுக் கொட்டகை வைத்திருக்கும் ஒரு முதியவர் சென்ற வருஷம் நம்மிடம் வந்தார். லைஸென்ஸைப் புதுப்பிக்க மனுச் செய்து பல மாதங்கள் ஆகியிருந்தன. ஓர் அலுவலகத்திற்கு அவரோடு நாமும் சென்றோம். வக்கீல் என்று அறிந்ததும் நமக்கு நாற்காலி போட்டார்கள்; எழுபது வயதைக் கடந்த அவரை நிற்க வைத்தார்கள். நாமும் எழுந்து நின்றுகொண்டோம். மனுவில் என்ன குறை என்று கேட்டதற்கு விடை வரவில்லை. பிறகு வரும்படி சொன்னார்கள். வெளியே வந்ததும் அவர், “நிற்கச் சொன்னால் நிற்கிறோம், ஐயா; எதற்காக நிற்கிறோம் என்றாவது சொல்லக்கூடாதா?” என்றார்.

குறை இருந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இல்லையேல் இன்ன தேதிக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று அன்று மாலையே அவர் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். வழக்கம் போல் ‘தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று நம் குமாஸ்தா முடித்திருந்தார். அதை அடித்துவிட்டு, ‘இந்தியக் குடிமகன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். தபால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சிச் சீட்டு வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.